கொல்லப்பட்ட துறவியும் அதே தொகுப்பில்தான் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன்பு தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவின் போர்க்கால அச்சோவியங்களைப் பற்றி ஒன்றரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழ் நாளிதழில் கோயாவுக்கு இவ்வளவு இடமா என்று சந்தோஷத்தோடு, காப்பியை ஆறவிட்டுவிட்டுப் படித்தேன். முடித்தபோது மனசு கனத்துப்போனது. 'கடவுளையும் கோவிலையும் வெறுத்த கலைஞன்' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். கிளித் தலையோடு கைகளை விரித்துப் பிரசங்கம் செய்யும் குருவின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். சுற்றிலும் இருக்கும் கூட்டத்தை வெட்டிவிட்டீர்கள். படத்தின் அடியில் இருக்கும் வாசகத்தையும் காணோம். இந்தப் படங்கள் போர்க்காலத்திலேயே மக்கள் கைக்குக் கை மாறி அவர்களை எழுச்சி கொள்ளச் செய்தன என்றும் ஒரு வரி வந்திருந்தது. இந்த மூன்றும் தவறு என்பதால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். சுருக்கிப் போட்டாலும் சரி, கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டுமாவது செய்யுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரி. 31 வருடம் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம். என் அக்கா கன்னியாஸ்திரி. சென்னையில் ஓவியம் படித்தபோது இரண்டு வருடம், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் எட்சிங் பட்டறையில் வேலை பழகினேன். 1979இல் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டை கிழிந்த நிலையில் 'போரின் பேரழிவுகள்' முழுத் தொகுப்பும் அச்சிட்ட புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்தப் புத்தகம் இன்றும் என் மேஜையில்தான் இருக்கிறது. 46 வருடமாக அதைப் புரட்டிக்கொண்டிருப்பவள் என்ற ஒரே உரிமையில் பேசுகிறேன்.

முதலில், கைக்குக் கை மாறியது என்ற செய்தி. கோயா உயிரோடு இருந்தவரை இந்தத் தொகுப்பு வெளியாகவே இல்லை. 1810 வாக்கில் தகடுகளில் வேலையைத் தொடங்கினார். 1820 வரை அந்த வேலை நீண்டது. 1828இல் பிரான்சின் போர்தோ நகரில் அவர் இறந்தார். முதல் பதிப்பு வந்தது 1863இல், மாட்ரிட் சான் பெர்னாண்டோ கலைக் கழகத்தின் மூலம். அதாவது அவர் கண்ணை மூடி 35 வருடம் கழித்து. அவர் இறந்தபின் தகடுகள் மகன் ஹாவியேரிடம் இருந்தன. கோயா தானே சோதனை அச்சு எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் வாசகம் எழுதி, தன் நண்பர் சேயான் பெர்முதேஸிடம் கொடுத்த ஒரு பிரதி உண்டு. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 'போரின் பேரழிவுகள்' என்ற பெயரே 1863இல் கலைக் கழகம் வைத்ததுதான். நண்பருக்குக் கொடுத்த பிரதியில் கோயா எழுதிய தலைப்பு நீளமானது: 'போனபார்ட்டுடன் ஸ்பெயினில் நடந்த இரத்தம் தோய்ந்த போரின் கொடிய விளைவுகளும், அழுத்தம் கொண்ட வேறு சில கற்பனைகளும்.' இந்த இரண்டாவது பாதியைத்தான் உங்கள் கட்டுரையாளர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏன் வெளியிடவில்லை? அவருக்கு ஏற்கெனவே சூடுபட்டிருந்தது. 1799 பிப்ரவரியில் 'காப்ரிச்சோஸ்' என்ற 80 அச்சோவியங்களை விற்பனைக்கு வைத்தார். தான் குடியிருந்த தெருவில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கும் ஒரு கடையில் வைத்து விற்றார்கள். விலை 320 ரியால். அந்தத் தெருவின் பெயர் தெசெங்கான்யோ. மயக்கம் தெளிவது என்று பொருள். அந்தத் தொகுப்பிலும் குடித்துக் கொழுத்த துறவிகள் உண்டு, மதக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டித்த திருச்சபையின் சமய விசாரணை மன்றம் கூம்புத் தொப்பி மாட்டி உட்கார வைத்த ஏழைப் பெண் உண்டு. 27 தொகுப்புகள்தான் விற்றன. 1803இல் தகடுகளையும் விற்காத 240 தொகுப்புகளையும் அரசருக்கே கொடுத்து, பதிலுக்கு மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டார். அப்படிக் கொடுத்தும் தன்னைச் சமய விசாரணை மன்றத்தில் குற்றம் சாட்டினார்கள் என்று முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதை எல்லாம் அனுபவித்தவர், அதைவிடப் பத்து மடங்கு கடுமையான படங்களைத் தெருவில் வைத்து விற்பாரா?

சரி, யாரும் பார்க்காத படம் எப்படி எதிர்ப்பு ஆகும் என்று கேட்கலாம். நானும் இளவயதில் கேட்டிருக்கிறேன். இதற்கு, அந்தத் தகடு எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால்தான் என்னால் பதில் சொல்ல முடியும். செப்புத் தகட்டைத் தேய்த்துக் கண்ணாடியாக்கி, மெழுகு பூசி, புகை காட்டிக் கறுப்பாக்குகிறோம். ஊசியால் மெழுகைக் கீறினால் செம்பு பளபளவென்று தெரியும். பிறகு அமிலத்தில் போட வேண்டும். கோடுகளில் குமிழி எழும். அதைக் கோழி இறகால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு ஒழுங்காகக் கடிபடாது. புகை மூக்கில் ஏறும். சாம்பல் நிறம் வேண்டும் என்றால் குங்கிலியப் பொடி தூவிச் சூடு காட்டி மறுபடியும் அமிலம். அதுதான் அக்வாடின்ட். எழுத்து எழுதினால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். நான் மாணவியாக உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை முடிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். கோயா 82 தகடுகள் செய்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1793இலிருந்து காது சுத்தமாகக் கேட்காது. போரில் செம்பு கிடைக்கவில்லை. முன்பு தான் செய்த இரண்டு பெரிய இயற்கைக் காட்சித் தகடுகளை இரண்டிரண்டாக வெட்டி, அவற்றின் பின்புறத்தில் நான்கு போர்ப் படங்களைச் செதுக்கினார். ஒரு காசும் வராது, யாருக்கும் காட்ட முடியாது, பிடிபட்டால் ஆபத்து என்று தெரிந்தே ஒரு கிழவர் தன் அழகான மரங்களையும் பாறைகளையும் வெட்டிப்போட்டு இதைச் செய்கிறார். இதை எதிர்ப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

இனி, கோவிலை வெறுத்தவர் என்ற பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

தொகுப்பின் முதல் 47 படங்களில் பெரும்பாலானவை போர். 1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படையை எதிர்த்து எழுந்ததில் தொடங்கி 1814 வரை நடந்த போர். 48ஆம் படத்திலிருந்து 64 வரை பஞ்சம். 1811-12இல் மாட்ரிட்டில் ஏறக்குறைய 20,000 பேர் பட்டினியில் செத்தார்கள். அதே 1812இல்தான் கோயாவின் மனைவி ஹோசெபாவும் இறந்தார். 65இலிருந்து அவர் சொன்ன 'அழுத்தம் கொண்ட கற்பனைகள்'. கிளித் தலைக் குரு அந்த மூன்றாம் பகுதியில், 75ஆம் படமாக வருகிறார். கட்டுரையாளர் அதை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் உங்களை 46ஆம், 47ஆம் படங்களைப் பார்க்கச் சொல்கிறேன். 46இல் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் துறவி ஒருவரைக் குத்துகிறான். அடியில் 'இது கெட்டது' என்று சுருக்கமாக எழுதியிருக்கிறார். 47இல் துறவி ஒருவர் பீடத்துக் கிராதியருகே சாய்ந்து உயிரை விட்டுக்கொண்டிருக்கிறார். சிப்பாய்கள் கோவில் பொருள்களைச் சுமந்துகொண்டு போகிறார்கள். அடியில் 'இப்படித்தான் நடந்தது'. பிரெஞ்சுப் படை மாட்ரிட் மக்களைச் சுட்டுக் கொல்வதைக் காட்டும், எல்லோருக்கும் தெரிந்த 'மே 3' ஓவியத்திலும், வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்தில் கைகளை இறுகக் கோர்த்து மண்டியிட்டிருப்பவர் தலைமழித்த ஒரு துறவிதான். கோவிலை வெறுத்தவர் வரைகிற படமா இது?

1986 என்று நினைவு. அக்கா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் புத்தகத்தை அக்கா கண்ணில் படாமல் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். மனம் நோகுமே என்ற பயம். எதையோ தேடப் போய் அக்காவே எடுத்துவிட்டார். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 47ஆம் படத்தில் ரொம்ப நேரம் நின்றார். பின்பகுதிப் படங்களையும் விடாமல் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "இவங்க செத்ததுக்கும் இந்த மனுசன் அழுதிருக்காரேட்டி. பின்னால இருக்கதையும் அவர் சும்மா வரைஞ்சிருக்க மாட்டாரு" என்றார். அப்புறம் "இத ஏன் எங்கிட்ட மறைச்ச?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தப் 'பின்னால் இருப்பது' ஏன் வந்தது? போர் நடந்துகொண்டிருக்கும்போதே காதிஸ் நகரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் சபை 1812இல் ஓர் அரசியல் சட்டம் எழுதியது. 1813 பிப்ரவரியில் சமய விசாரணை மன்றத்தை ஒழித்தது. மக்கள் உயிரைக் கொடுத்து மீட்ட அரசர் ஏழாம் பெர்னாண்டோ 1814இல் திரும்பி வந்தார். வந்ததும் மே மாதத்தில் அந்த அரசியல் சட்டத்தைச் செல்லாததாக்கினார். ஜூலையில் சமய விசாரணை மன்றம் திரும்ப வந்தது. அரசரின் இந்தத் திரும்புதலுக்குத் திருச்சபைத் தலைமையின் பெரும்பகுதி துணை நின்றது. அடுத்த வருடமே கோயா 'ஆடையற்ற மாஹா' ஓவியத்துக்காக அந்த மன்றத்தின் முன் பதில் சொல்ல அழைக்கப்பட்டார். இந்த வருடங்களில்தான் மூன்றாம் பகுதியைச் செய்கிறார். போரில் மக்களோடு நின்ற குருக்களும், பிறகு அரசரோடு நின்ற குருக்களும் சில இடங்களில் ஒரே ஆட்களாகவும் இருந்தார்கள் என்பதுதான் அதில் கொடுமை. ஹெரோனிமோ மெரினோ என்று ஒரு கிராமத்துப் பங்குச் சாமியார். பிரெஞ்சுப் படைக்கு எதிராக மலைகளில் ஒளிந்து போரிட்டு ஊரே கொண்டாடிய வீரர். அதே மெரினோ 1820களில் அரசியல் சட்டம் கேட்டவர்களுக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தார். ஒரு மனிதருக்குள்ளேயே இரண்டும் இருந்தால், அவரைப் பற்றி நேர்மையாக வரைகிறவன் இரண்டையும்தானே வரைய வேண்டும்?

இரண்டும் ஒரே தொகுப்பில் இருப்பதை 44ஆம் படத்தில் பார்க்கலாம். 'யோ லோ வி' என்று அடியில் இருக்கிறது. 'இதை நான் கண்டேன்' என்று அர்த்தம். ஊரே ஓடுகிறது. வலது பக்கம் ஒரு தாய், கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, பின்தங்கிவிட்ட இன்னொரு பிள்ளையை எட்டிப் பிடிக்கத் திரும்புகிறாள். இடது பக்கம் கொழுத்த பங்குச் சாமியார் ஒருவர் பணப்பையை நெஞ்சோடு இறுக்கியபடி ஓடுகிறார். அவள் கை நீள்வது பிள்ளையை நோக்கி, அவர் கை மூடியிருப்பது பையின் மேல். பள்ளிக்கூடத்தில் இந்தப் படத்தைப் பலமுறை காட்டியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான் ஒன்றும் சொல்லாமலே இரண்டு கைகளையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பின்பகுதியில் இந்தப் பை பெரிதாகிறது, அவ்வளவுதான். 66ஆம் படத்தில் கழுதை மேல் ஒரு பெட்டியில் உடல் ஒன்று போகிறது. மக்கள் தரையில் விழுந்து வணங்குகிறார்கள். 'விசித்திர பக்தி!' 67இல் பழைய காலத்து உடை அணிந்த கிழட்டுப் பிரபுக்கள் மாதா சுரூபத்தைக் கூன் விழுந்து சுமக்கிறார்கள். 'இதுவும் அதற்குக் குறைந்ததில்லை.' சப்பரம் தூக்கும் ஊரில் பிறந்த எனக்கு இந்த இரண்டும் முதலில் கொஞ்சம் வலித்தது உண்மை. ஆனால் இவற்றை 48 முதல் 64 வரையுள்ள பட்டினிப் படங்களுக்கு அடுத்து வரிசையாகப் பார்க்க வேண்டும். 64இல் பிணங்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள். இரண்டு பக்கம் தள்ளினால் இன்னொரு பிணத்தைக் கழுதைமேல் வைத்துக் கும்பிடுகிறார்கள். 61இல், நல்ல உடை போட்டவர்கள் பட்டினி கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் படத்துக்கு 'வேறு குலத்தவர் போலும்' என்ற வாசகம். அவர் கோபம் மாதாவின் மேல் இல்லை. செத்த உடலுக்குக் கிடைத்த மரியாதை, சாகக் கிடக்கும் உடலுக்குக் கிடைக்கவில்லையே என்பதில்.

70இல் கயிற்றில் கட்டிய நீண்ட வரிசையாக, குருக்களும் மற்றவர்களும் பள்ளத்தாக்கில் தட்டுத் தடுமாறிப் போகிறார்கள். 'இவர்களுக்கு வழி தெரியாது.' 71இல் அங்கி போட்ட ஒருவர், காதுகள் இருக்க வேண்டிய இடத்தில் வௌவால் இறக்கைகளோடு, பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். 'பொது நன்மைக்கு விரோதமாக.' 77இல் ஒரு குரு அறுந்துபோகும் கயிற்றில் நடக்கிறார், கீழே கூட்டம் பார்க்கிறது. இதற்காகக் கோயா முதலில் போட்ட ஓவியத்தில் அவர் தலையில் பாப்பரசரின் மும்முடி இருந்தது. தகட்டில் அதை எடுத்துவிட்டார். யாரும் பார்க்காத தகட்டில்கூட எவ்வளவு பயந்து வேலை செய்தார் என்பதற்கு இந்த ஒரு முடி போதும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 74. ஓநாய் ஒன்று உட்கார்ந்து தாளில் எழுதுகிறது. 'பரிதாப மனிதகுலமே, குற்றம் உன்னுடையதே' என்று. அந்த வரி ஜாம்பத்தீஸ்தா காஸ்தி என்ற இத்தாலியக் கவிஞருடையது. தாளிலேயே காஸ்தியின் பெயரையும் செதுக்கியிருக்கிறார். எதிரில் ஒரு துறவி மண்டியிட்டு ஓநாய்க்கு மைக்கூட்டை நீட்டிக்கொண்டிருக்கிறார். துறவி யாரையும் கடிக்கவில்லை, யாரையும் கொல்லவில்லை. மைக்கூடு பிடிக்கிறார். படத்தின் வாசகம் 'இதுதான் எல்லாவற்றிலும் மோசம்!' ஊழல் என்றதும் உண்டியல் பணத்தைத்தான் நாம் நினைக்கிறோம். கோயா பணப்பையையும் வரைந்தார். ஆனால் எல்லாவற்றிலும் மோசம் என்று அவர் எழுதியது பணப்பைக்குக் கீழே இல்லை. ஓநாய் எழுத மை பிடித்த கைக்குக் கீழே.

இவர் கடவுளை வெறுக்கவில்லை என்பதற்கு இந்தத் தொகுப்புக்கு வெளியிலும் சாட்சி உண்டு. 1806இல் எல் மராகாத்தோ என்ற கொள்ளைக்காரனைத் தனி ஆளாக மடக்கிப் பிடித்த பேத்ரோ என்ற துறவியின் கதையை ஆறு சிறு ஓவியங்களாக, ரசித்து ரசித்து வரைந்திருக்கிறார். 1819இல், அதாவது இந்தப் பின்பகுதித் தகடுகள் செய்த அதே காலத்தில், மாட்ரிட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் துறவற சபையின் கோவிலுக்காகப் புனித ஹோசே தே கலசான்ஸ் கடைசி நற்கருணை வாங்கும் ஓவியத்தைச் செய்தார். சிறு வயதில் கோயா சரகோசாவில் படித்ததே அந்தச் சபையின் பள்ளியில்தான். தனக்குக் கிடைத்த கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடவே ஒலிவ மலையில் இயேசு செபிக்கும் ஒரு சிறு ஓவியத்தையும் அந்தக் குருக்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு வாத்தியார் குரு கண்கள் பாதி மூட முழந்தாளிட்டு நற்கருணை வாங்குகிறார், பின்னால் இருட்டில் அவர் பள்ளிப் பிள்ளைகள். அதைப் பார்க்கும்போதெல்லாம், ஓநாய்க்கு மை பிடித்தவர் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்பது எனக்குப் புரிந்துவிடுகிறது. நல்ல குரு எப்படி இருப்பார் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த ஆத்திரம் வரும்.

கோயாவைக் குறையில்லாதவராகக் காட்டவும் நான் விரும்பவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது நெப்போலியனின் அண்ணன் ஹோசே போனபார்ட் அரசர் கொடுத்த விருதை 1811இல் வாங்கிக்கொண்டவர் அவர். பெர்னாண்டோ திரும்பியதும் அவருக்கும் படம் வரைந்து கொடுத்தார். அரண்மனைச் சம்பளத்தை விடவில்லை. பகலில் அரசர் முகத்தை வரைந்த அதே கைதான் வௌவால் காதுகளையும் செதுக்கியது. கட்டுரையில் அவரைத் தெருவில் இறங்கிப் போராடிய வீரராக எழுதியிருந்தது. அவர் அப்படி இல்லை. குடும்பமும் வேலையும் பயமும் உள்ள ஒரு மனிதர், செய்ய முடிந்ததைப் பூட்டிய அறையில் செய்தார். எனக்கு அவர் அப்படி இருப்பதால்தான் நெருக்கமாக இருக்கிறார்.

படத்தின் வாசகத்தை விட்டுவிடாதீர்கள் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 69ஆம் படத்துக்கு நடந்ததைப் பாருங்கள். பாதி மட்கிய பிணம் ஒன்று மண்ணிலிருந்து சாய்ந்து எழுந்து, 'நாதா' என்று எழுதிய தாளைக் காட்டுகிறது. நாதா என்றால் ஒன்றுமில்லை. கோயா அதன் கீழே பென்சிலால் எழுதியது, 'ஒன்றுமில்லை. அதுவே அப்படிச் சொல்கிறது.' செத்தவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான் என்று ஆகிறது. 1863இல் கலைக் கழகம் பதிப்பித்தபோது அந்த வாசகத்தை மாற்றி, 'ஒன்றுமில்லை. போகப் போகத் தெரியும்' என்ற பொருள் வரும்படி ஆக்கிவிட்டார்கள். ஒரு சின்னச் சொல்லை எடுத்து, காலத்தை மாற்றி, பிணத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். பதிப்பித்ததற்காகக் கலைக் கழகத்துக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரு வரியை மாற்றினால் படமே மாறிவிடுகிறது. நீங்கள் வாசகம் முழுவதையும் எடுத்துவிட்டீர்கள். 'பசப்புக்காரர்களின் கூத்து' என்ற வரி இல்லாத கிளித் தலைக் குரு, கோவிலுக்குப் போகிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற படமாகிவிடுகிறார். வரி இருந்தால், ஒரு கோஷ்டியைப் பற்றிய படம் அது என்பது தெரியும்.

2017இல் பங்குக் கோவிலிலிருந்து பாத்திமா, லூர்து யாத்திரை போனோம். நடுவில் ஒரு ராத்திரி மாட்ரிட்டில் தங்கல். மறுநாள் காலை புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் கடை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். 1808 மே 2 அன்று குதிரைப் படையை மக்கள் கத்தியோடு எதிர்கொண்ட இடம் அதுதான். அங்கிருந்து அல்கலா தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் சான் பெர்னாண்டோ கலைக் கழகம். கோயாவின் செப்புத் தகடுகள் அங்கேதான் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சில தகடுகளை வைத்திருந்தார்கள். நோட்டுப் புத்தக அளவுதான். எல்லாம் இடவலம் மாறி இருக்கும். சாய்ந்து பார்த்தால் கோடுகள் மின்னும், நேராகப் பார்த்தால் மறையும். எனக்குக் கால் நடுங்கியது. ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன் போலும், பேருந்துக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். எங்களோடு வந்த பங்குத்தந்தை எங்கே போனீர்கள் டீச்சர் என்று கேட்டார். சொன்னேன். பாத்திமா போய்ச் சேரும்வரை என் கைப்பேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். அவரிடமும் நான் எதையும் மறைக்கவில்லை. அக்காவிடம் ஒருமுறை மறைத்தது போதும்.

கடைசியாக நான் கேட்க வந்தது. 79ஆம் படத்தில் உண்மை என்ற இளம்பெண் செத்துக் கிடக்கிறாள். அவள் உடலிலிருந்து ஒளி வீசுகிறது. ஆயர் ஒருவர் கையுயர்த்தி ஆசி கொடுக்க, குருக்கள் அவசரமாகப் புதைக்கிறார்கள். ஓரத்தில் நீதி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். 'உண்மை செத்துப்போனாள்.' 80இல் அவள் மறுபடியும் ஒளிர்கிறாள். 'உயிர்த்தெழுவாளா?' 1863 பதிப்பு இந்தக் கேள்வியோடு முடிந்துவிட்டது. ஏனென்றால் கலைக் கழகம் வாங்கிய தகடுகளில் கடைசி இரண்டு இல்லை. அவை 1870இல்தான் வந்து சேர்ந்தன. ஆனால் நண்பருக்குக் கொடுத்த பிரதியில் அவை இருக்கின்றன. 81இல் மனித உடல்களை வாயில் கொண்ட பெரிய மிருகம். 82இல், அந்த ஒளி வீசும் பெண் எழுந்து நிற்கிறாள். பக்கத்தில் தாடி வளர்ந்த ஒரு குடியானவர், கையில் மண்வெட்டி. அருகில் கூடை, ஓர் ஆடு, அறுத்த கதிர். அவள் அவர் தோள் மேல் கை வைத்து எதையோ காட்டுகிறாள். 'இதுதான் உண்மையானது' என்று கோயா எழுதியிருக்கிறார். குருவும் இல்லை, அரசரும் இல்லை, சிப்பாயும் இல்லாத படம் அது.

அந்த 82ஆம் படத்தை ஒரு ஞாயிறு போடுங்கள். கிளித் தலைக் குருவுக்குக் கொடுத்த அதே அளவில், ஓரம் வெட்டாமல், அடியில் அந்த வரியோடு. 47ஆம் படத்தையும் பக்கத்தில் வைத்தால் நல்லது. என் புத்தகம் வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன். அட்டைதான் கிழிந்திருக்கிறது, உள்ளே பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
தூத்துக்குடி.